அத்தையின் வெள்ளைச் சேலை



போன மாதம் எங்கள் ஆனைமலை வீட்டில் ஒரே நீலமயம்! மகளின் வெள்ளைப் பருத்திப் பாவாடைக்கு அவுரிச் சாயம் போட்டேன். அவுரி நம் நாட்டுச் செடிதான். 1897-இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் வயல்கள் சுருங்கினாலும், விழுப்புரம் மாவட்டத்தில் இன்றும் பயிராகிறது. தலைக்குப் போடும் இலைப்பொடி இதற்கு உதவாது. சாயத்துக்கான நீலக்கட்டித் தூள்தான் வேண்டும்.

மதுரைச் சுங்குடி பார்த்திருப்பீர்களே, அதே முறைதான். துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. பழகாத கைக்கு, உள்ளே ஒரு கொண்டைக்கடலை வைத்துக் கட்டுவது சுலபம்.

ஒரு பிளாஸ்டிக் வாளி வெந்நீரில் நீலத்தூள் 50 கிராம், நீற்றின சுண்ணாம்பு 100 கிராம், வெல்லம் 150 கிராம் கலக்கி மூடி வையுங்கள். சுண்ணாம்பு கையைப் புண்ணாக்கும். ரப்பர் உறை கட்டாயம். குழந்தைகளை அண்டவிடாதீர்கள். பட்டுக்கு இந்த முறை வேண்டாம். நீர் மஞ்சள்பச்சையாகி, மேலே செம்பு மினுக்கோடு ஏடு கட்டினால் பதம். நனைத்த துணியை ஐந்து நிமிஷம் முக்கி எடுத்தால் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் நீலமாகும். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்து, கொஞ்சம் வினிகர் விட்ட தண்ணீரில் அலசி முடிச்சை அவிழுங்கள்.

கொடியில் பச்சை நீலமாவதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என் மாமியார். மாமா போய் 11 வருஷம். அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். நான் கலர் சேலை வாங்கித் தந்தாலும், "ஊர் என்ன சொல்லும்?" என்று பெட்டியில் வைத்துவிடுவார்.

அன்று மெதுவாக, "ஏன் அம்மிணி, சாயம் மிச்சம் இருக்குதா?" என்றார். கையில் அவருடைய பழைய சேலை.

"குடுங்க அத்தை, நான் கட்டித் தர்றேன்."

"வேண்டாம், நானே முடிஞ்சுக்கறேன்."

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு நாள் முடிச்சுப் போட்டார். அதற்குள் சாயம் பதம் தப்பிவிட்டது. கொஞ்சம் வெல்லம் சேர்த்துச் சூடாக்கினேன், சரியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாசாணியம்மன் கோயிலுக்கு அதையே கட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒருத்தி நின்று, "சேலை புதுசுங்களா ஆத்தா?" என்றாள்.

"பழசுதான். எங்கையால முடிஞ்சதாக்கும்!" என்றார் அத்தை.

உங்கள் வீட்டிலும் ஒரு வெள்ளைச் சேலை இருக்குமானால், கேட்டுப் பாருங்களேன். முதல் சில தடவை மட்டும் தனியாகத் துவையுங்கள்.