உழைப்பின் வலியென்று ஒதுக்கலாகாது

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய பெண்ணுக்கு முதுகு வலித்தால், தறியிலும் வயலிலும் உழைத்த அலுப்பென்று தைலம் தடவி விடுவது நம் இல்லங்களில் வழக்கம். இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும். அந்நோய் பல ஆண்டுகள் கழிந்தும் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றில் தலைகாட்டக்கூடும். ஓய்வெடுத்தும் தணியாத எலும்பு வலி, நீங்காத இருமல், மூச்சுத்திணறல், மஞ்சட்காமாலை, ஓயாத தலைவலி ஆகியன அதன் அறிகுறிகளாக இருக்கலாம். முதுகுவலியுடன் கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, அன்றே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தாமதித்தால் நடக்கும் ஆற்றலே போய்விடக்கூடும். இவை வேறு காரணங்களாலும் வரலாம். சோதனையே முடிவு கூறும். பரவிய நோயையும் மருந்தால் பெரிதும் அடக்கிவைக்க இயலும். ஆதலின், எந்த வைத்தியரிடம் சென்றாலும் பழைய சிகிச்சைச் சீட்டை உடன்கொண்டு சென்று, முன்பிருந்த நோயை மறைக்காது முதலில் கூறுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.