கரைக்கு நடைபாதை, மடைக்கு யார் பேசுவது?

நகரம் வளர்ந்து கண்மாயைச் சூழ்ந்துவிட்டால், கரையில் நடைபாதையும் பூங்காவும் வருகின்றன. மதுரை வண்டியூர் கண்மாயில் இதைக் கண்டோம். மதுரையை ஒட்டிய காரியாபட்டிக்கும் அந்த நாள் வெகுதொலைவில் இல்லை. பூங்கா வேண்டாம் என்பதல்ல நம் வாதம். யாரைக் கேட்டுத் திட்டம் போடுகிறார்கள் என்பதே கேள்வி.

ஈரநிலம் ஒன்றை அறிவிக்கும் முன், பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் அவகாசம் தருகின்றன 2017-ஆம் ஆண்டு விதிகள். பாசனத்துக்கென்றே வெட்டிய கண்மாய்களுக்கோ அந்த விதிகள் பொருந்தாது. அதனால் ஆயக்கட்டு விவசாயிகள் தாமே முன்வந்து கேட்டால்தான் உண்டு.

வரைபடம் தயாராகும் முன்பே கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். பேரூராட்சியுடன் நீர்வளத் துறை, வருவாய்த் துறை, வேளாண் துறை அலுவலர்களும் அதில் அமர வேண்டும்.

விவசாயிகளும் வெறுங்கையோடு போகக் கூடாது. எந்த வரத்துக்கால்வாய் அடைபட்டிருக்கிறது, எந்த மடை பழுது, கலுங்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புல எண்ணுடன் மனுவாக எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அதை எழுத வேளாண் உதவி அலுவலர்கள் துணை நிற்கலாம்.

வரத்துக்கால்வாய் முதலில், அழகு பிறகு. தண்ணீர் வராத கண்மாய்க்கு நடைபாதை எதற்கு?