முழியில் திருட்டைத் தேடும் மூடத்தனம்

முகத்தைப் பார்த்தே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்றால், நாட்டிலே நீதிமன்றம் எதற்கு? சாட்சி எதற்கு? சட்டம்தான் எதற்கு?

1966-ஆம் ஆண்டு வெளிவந்த ‘யாருக்காக அழுதான்’ படத்தைப் பார்ப்போர் உள்ளத்தில் எழும் கேள்வி இது. கதையும் இயக்கமும் ஜெயகாந்தன். நம் கடலூர் மண்ணிலே பிறந்தவர்; திராவிட இயக்கத்தைக் கடுமையாகச் சாடியவர். சாடியவர் சொன்னார் என்பதற்காகச் சரியானதை ஒதுக்குவது பகுத்தறிவாகாது, தோழர்களே!

விடுதியொன்றில் எடுபிடி வேலை செய்யும் ஏழை ஜோசப். நாடே கண்டு சிரித்த நாகேஷ் அந்த வேடம் தாங்கினார். ஜோசப்புக்கு மற்றவர் இட்ட பெயர் ‘திருட்டுமுழி’. தங்க வந்தவரின் பணம் காணாமற்போகிறது; பழி அவன்மீது பாய்கிறது. அவன் எடுக்கவில்லை; ஆயினும் வாதாடவும் அறியான். பேசாதவன் ஒப்புக்கொண்டவனாகிறான். பெயர் முன்பே சூட்டப்பட்டது. குற்றம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது!

வெறும் கதைதானே என்பீரோ? வெள்ளையன் 1871-இல் இயற்றி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப்பரம்பரைச் சட்டம் என்ன செய்தது? பிறந்த குலத்தையே குற்றமாக்கிக் கைரேகை கேட்டது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920-ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிக்கு இரையாயினர். 1947-இல் இம்மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, சந்தேகம் ஒழிந்ததா?

நெய்வேலியைப் பாருங்கள். 1956-இல் நிறுவனம் தோன்றி, நிலக்கரிக்காக எழுந்த நகரியம். எண்ணிட்ட வட்டங்கள், ஒழுங்கான சாலைகள், வரிசை வீடுகள். பல ஊரார், பல சாதியார், பல மதத்தார் கூடி வாழுமிடம். இத்தகைய புத்தம்புது ஊரிலும், வாயிலில் நிற்கும் அழுக்குச் சட்டைக்காரனை ஐயத்தோடு நோக்கும் பழைய கண் இருக்குமானால், நாம் கட்டியது வீடுகளை மட்டுமே, சமுதாயத்தை அல்ல!

ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். வகுப்பிலே ஒரு பேனா காணவில்லை என்றதும் எந்தப் பையனின் பை முதலில் திறக்கப்படுகிறது? ஒப்பந்தத் தொழிலாளியின் மகனுடையதா, அதிகாரியின் மகனுடையதா? தேடுவதாயின் எல்லாப் பைகளையும் தேடுங்கள்; இயலாதெனில் எதையும் தொடாதீர்கள். பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை இன்றே நிறுத்துங்கள். வாயடைத்து நிற்கும் பிள்ளையை மிரட்டாமல், அவன் பேசும்வரை காத்திருங்கள்.

சோதிடன் கைரேகை பார்த்தால் எள்ளி நகையாடும் இளைஞனே, நீ முகரேகை பார்த்துத் தீர்ப்பளிக்கலாமா? சான்று கேட்பதன்றோ பகுத்தறிவு! கடவுளுக்குச் சான்று கேட்கும் நீ, ஏழையின்மீது சுமத்தும் பழிக்கும் சான்று கேள்!