சோற்றில் மறைக்காத பூசணிக்காய்

அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டின் கொலை' 1926இல் வந்த நாவல். 2013இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் இதையே இத்துறையின் ஆகச் சிறந்த நாவலாகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெயரை நம்பி இன்று கையிலெடுப்பவர்களில் பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஏமாற்று வேலை, முடிவு ஊருக்கே தெரிந்தது, பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகள் என்பவை அவர்கள் வைக்கும் குறைகள். கொலையாளி யாரென்று சொல்லாமல் இவற்றுக்குப் பதில் சொல்ல வழியில்லை. படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் ஏமாற்று வேலை. கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்டே கொலையாளி; அதை மறைத்தது நியாயமா என்கிறார்கள். துப்பறிவாளரின் தோழன் தன் எண்ணங்களை வாசகனிடம் ஒளிக்கக் கூடாது என்ற விதியையும் எடுத்துக்காட்டுகிறார்கள். குற்றப்புனைவு எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் அந்த விதியை எழுதியது 1929இல். மூன்று வருடம் முந்திய நாவல்மேல் அந்த வழக்கு நிற்காது. அதைவிட முக்கியம், ஷெப்பர்டு கதைசொல்லியாக நம்மிடம் பொய்யே சொல்லவில்லை என்பது. 8.40க்கு அக்ராய்டுக்குக் கடிதம் வந்தது, 8.50க்குத் தான் கிளம்பினேன் என்று எழுதுகிறார். இரண்டும் உண்மை. நடுவிலிருந்த பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று நாம் கேட்கவில்லை. வாயிற்கதவைத் தாண்டும்போது மணி ஒன்பது அடித்ததையும் அவரே சொல்கிறார். அங்கே போய்ச் சேர ஐந்து நிமிடம் போதும். மீதி ஐந்து நிமிடம் எங்கே போயிற்று என்று துப்பறிவாளர் பொய்ரோ கேட்டார். நாம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

கொலைக்கான காரணமும் அப்படித்தான். ஓய்வு பெற்று கிங்ஸ் அபட் கிராமத்தில் பூசணி வளர்க்கும் பொய்ரோ, எரிச்சலில் ஒரு காயைச் சுவருக்கு அப்பால் வீசுகிறார். அது பக்கத்துத் தோட்டத்தில் ஷெப்பர்டின் அருகே வந்து விழுகிறது. மன்னிப்புக் கேட்கப் போய்ப் பேச்சு வளர்கிறது. ஒரு வருடத்துக்கு முன் தனக்கு ஒரு சொத்து வந்ததாகவும், பேராசையில் அதை மேற்கு ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் போட்டுத் தொலைத்ததாகவும் டாக்டர் சொல்கிறார். அந்தப் பணம் திருமதி ஃபெரர்ஸ் என்ற பணக்கார விதவையை மிரட்டிக் கறந்தது; அந்த மிரட்டல் வெளிவராமலிருக்கத்தான் கொலை. சொத்து என்ற ஒரு சொல்தான் பூச்சு. காசு வந்ததும் கரைந்ததும் மூன்றாம் அத்தியாயத்திலேயே வெளியாகிவிட்டன. முழுப் பூசணிக்காயைக் கிறிஸ்டி சோற்றில் மறைக்கவில்லை, நம் காலடியில்தான் எறிந்தார்.

முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. எனக்கும் ஒரு புண்ணியவான் முடிவைச் சொல்லிவிட்ட பிறகுதான் இதைப் படித்தேன். அதனால் ஷெப்பர்டின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சுவைக்க முடிந்தது. பொய்ரோவின் தோல்வியைப் பதிவு செய்யத்தான் எழுத ஆரம்பித்தேன் என்று கடைசியில் அவர் ஒப்புக்கொள்கிறார். தான் விட்டுவைத்த இடைவெளிகளை எண்ணிப் பெருமைப்படவும் செய்கிறார். அந்தக் கர்வம் முன் பக்கங்களிலேயே ஒளிந்திருப்பது, விடை தெரியாமல் படிப்பவர் கண்ணில் படாது.

அட்டைப் பொம்மைகள் என்ற பேச்சு பழையது. 1945இல் அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், அக்ராய்டின் பெயரைத் தலைப்பில் வைத்தே துப்பறியும் கதைகளை மொத்தமாகக் கேலி செய்தார். ஃப்ளோரா, மேஜர் பிளன்ட் என்ற பாத்திரங்கள் வரும் பக்கங்களில் எனக்கும் கொட்டாவி வந்தது, மறுக்கவில்லை. ஆனால் டாக்டரின் அக்கா கேரலைனை அட்டை என்று சொல்பவர் கிராமத்தில் ஒரு வாரம்கூட இருந்திருக்க மாட்டார். வீட்டைவிட்டு நகராமலே ஊர்ச் சேதி முழுவதையும் சேகரித்துவிடும் பெண்மணி. கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளர் மிஸ் மார்ப்பிள் பிறந்ததற்கு இவரே காரணமாக இருக்கலாம் என்று கிறிஸ்டியே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாலை, அக்காவும் தம்பியும் எதிரில் இருக்க, பொய்ரோ பொதுவாகப் பேசுவதுபோல் பேசுகிறார். சாதாரண மனிதன், மனதின் ஆழத்தில் ஒரு பலவீனம், திடீரென்று பணத்துக்கு ஒரு வாய்ப்பு. அக்ராய்டின் வளர்ப்பு மகன் ரால்ஃப் பேட்டனைத்தான் சொல்கிறார் என்று கேரலைன் நினைத்துக்கொள்கிறார். தம்பிக்கும் மன உறுதி கிடையாது, நான் கூட இருந்து பார்த்துக்கொள்வதால் சரி என்று சொல்பவரும் அவரேதான். ஷெப்பர்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பிறகு சொல் பிசகாமல் நமக்கு எழுதியும் வைக்கிறார்.

கடைசியில் தூக்க மருந்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளத் தயாராகும்போது, அக்காவுக்கு மட்டும் உண்மை தெரியக் கூடாது என்பதே அவர் கவலை. பொய்ரோ சொல்ல மாட்டார். ஊரில் அத்தனை வீட்டு ரகசியமும் அறிந்த கேரலைனுக்குத் தன் வீட்டு ரகசியம் தெரியவே போவதில்லை.