உலக்கை நிற்கக் கிரகணம் வேண்டியதில்லை

கிரகணம் பிடித்ததும் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்துவது தமிழகத்து ஊர்களில் பழைய வழக்கம். கிரகணம் விடும்வரை நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும் என்பார்கள். உலக்கையின் அடியில் தட்டையான இரும்புப் பூண் இருக்கிறது. எடை நேராக அதன்மேல் இறங்குகிறது. கைப்பழக்கம் உள்ளவர் எந்தச் செவ்வாய்க்கிழமையிலும் அதை நிறுத்திக் காட்டலாம். கிரகண ஈர்ப்புதான் அதைத் தாங்குகிறது என்பதும் சரியல்ல: அமாவாசைதோறும் சூரியனும் நிலவும் ஏறக்குறைய ஒரே பக்கமிருந்துதான் பூமியை இழுக்கின்றன. நிலவின் நிழல் தரையில் விழுவதால் அந்த இழுப்பு கூடிவிடுவதில்லை.

உலக்கையால் யாருக்கும் கேடில்லை. ஆனால் அதே வீட்டின் உள்ளறையில் ஒரு கர்ப்பிணி தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். வானியல் ஆர்வலர் மன்றம் தன் நிலைப்பாட்டை வெளிப்படையாக அறிவிப்பது அவளை முன்னிட்டே. கிரகணத்தைக் காரணம் காட்டி எவரையும் பட்டினி போடக் கூடாது, அறையில் அடைக்கக் கூடாது. பள்ளிகள் அன்று ஜன்னல்களைச் சாத்தாமல், தகுந்த பாதுகாப்போடு பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து வர வேண்டும்.

கிரகண வேளையில் கர்ப்பிணி அரிவாள்மணையைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்ற பேச்சு, இருக்கிற கதைகளிலேயே கொடியது. கருவில் உதடு உருவாகிக் கூடுவது ஏறத்தாழ நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில். பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போது உறுதியாகத் தெரிந்திருக்காது. பரம்பரைக் கூறுகள், தாயின் புகைப்பழக்கம், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், சில மருந்துகள் ஆகியவை அந்தப் பிளவோடு தொடர்புடையவை என்று மருத்துவம் கண்டிருக்கிறது. வானத்து நிழலுக்கு அதில் பங்கில்லை. அப்படியிருந்தும் உதடு பிளந்த குழந்தை பிறந்தால், “அன்னைக்கு நீ என்னத்தை நறுக்கினே?” என்று தாயைத்தான் கேட்கிறார்கள். குழந்தைக்கு வேண்டியது அறுவை சிகிச்சை. பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே செய்து சரிப்படுத்திவிடலாம். பெற்றவள்மீது விழும் பழிக்கு அப்படி ஒரு சிகிச்சை கிடையாது. இந்தப் பழியை மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது.

சோற்றில் தர்ப்பை போடுவது பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. கிரகணத்தின்போது வருவதும் அன்றாட வெயில்தான், சற்றுக் குறைவாக வருகிறது. உணவைக் கெடுக்கும் புதிய கதிர் எதுவும் அதில் இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதியவர் பல மணி நேரம் சாப்பிடாமல் இருப்பதுதான் ஆபத்து.

கிரகணத்தில் உண்மையான அபாயம் ஒன்று உண்டு, அது கண்ணுக்கு. விழித்திரைக்கு வலி தெரியாது. சூரியனை நேராகப் பார்த்துச் சுட்டுக்கொண்ட கண், சில மணி நேரம் கழித்தே மங்கத் தொடங்கும். எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, குறுந்தகடு, கூலிங் கிளாஸ் எதுவும் போதாது. சாணித் தண்ணீரிலும் மஞ்சள் நீரிலும் பிம்பம் பார்ப்பதையும் மன்றம் பரிந்துரைக்கவில்லை. ஐஎஸ்ஓ 12312-2 தரம் கொண்ட கிரகணக் கண்ணாடி வேண்டும். அது கிடைக்காவிட்டால் அட்டையில் குண்டூசித் துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, சுவரில் விழும் பிம்பத்தைப் பார்க்கலாம். வேப்பமரத்தடியில் நின்றாலும் போதும்: இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் தரையில் ஒரு பிறைச் சூரியனை வரைந்திருக்கும்.

கோயில் நடை சாத்துவதும் கிரகணம் விட்டதும் தலை முழுகுவதும் அவரவர் நம்பிக்கை. அதில் மன்றம் தலையிடாது. பயத்தைத்தான் மரபு என்று ஒப்புக்கொள்ள மன்றத்தால் முடியவில்லை. நிலவின் நிழலும் பூமியின் நிழலுமே கிரகணம் என்று ஆரியபடர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய நூலிலேயே இருக்கிறது. 1825-ல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற ஐரோப்பியர் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்தப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிசகு 4 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தாளும் தொலைநோக்கியும் இல்லாமல் செய்த கணக்கு அது.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்து போகவிருந்தது. நம்மவர் அதை அஞ்சாமல் புரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்று, ஆங்கிலத்தில் மட்டும் நிறுத்தாமல் இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கத்தை விட்டுவிடாமல், புதிய கணிதத்தைக் கொண்டு அதைத் திருத்தவும் முயன்றார். கிரகண நாளில் சோதிடரை மட்டும் உட்காரவைத்துப் பரிகாரம் கேட்கும் தொலைக்காட்சிகள், பக்கத்தில் ஒரு வானியலாளரையும் அமர்த்த வேண்டும் என்று மன்றம் கோருவது அந்த வழியில்தான்.

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, எகிப்தின் லக்சர் நகரில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழு இருள் கவியும் கிரகணம், இந்தியாவின் பல பகுதிகளில் மாலையில் பகுதி கிரகணமாகத் தெரியும். அதைவிட நமக்கு நெருக்கமானது 2031 மே 21. அன்று வளையக் கிரகணத்தின் பாதை கேரளத்தைக் கடந்து, மதுரை வழியாக இலங்கையின் வடபகுதிக்குப் போகிறது. கோடை விடுமுறை என்பதால் பள்ளிகள் திறந்திருக்காது. ஆகவே பாதையில் உள்ள ஊர்களின் நூலகங்களும் ஊராட்சிகளும் இப்போதே ஒரு திடலைத் தேர்ந்து, கண்ணாடிகளுக்கு ஏற்பாடு செய்து, கர்ப்பிணிகள் உட்காரப் பந்தலும் குடிக்க மோரும் வைக்கும்படி மன்றம் கேட்டுக்கொள்கிறது.