எந்தக் குழந்தைக்காக?

'அறம்' என்னும் சொல் அண்மைக் காலத்தில் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நஞ்சற்ற வர்ணம் பூசிய மரப் பொம்மை, இயற்கைச் சாயமிட்ட கைத்தறித் தொட்டில் துணி, பனையோலைக் கிலுகிலுப்பை, இயற்கை இறப்பரில் வார்த்த பால்சூப்பி என, இளங்குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கென்றே தனிச் சந்தை ஒன்று உருவாகியுள்ளது. கையால் செய்தது, சுற்றாடலுக்கு ஊறு செய்யாதது, அறவழியில் ஆக்கப்பட்டது என்னும் மூன்று வாக்குறுதிகளே இச்சந்தையின் மூலதனம்.

இவ்வாக்குறுதிகளை நாடும் பெற்றோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. தவழும் பிள்ளை கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும். 2007இல், உலகின் மிகப் பெரிய பொம்மைக் கம்பனிகளுள் ஒன்றான மற்றெல், ஈயம் கலந்த வர்ணம் காரணமாக அமெரிக்காவில் மட்டும் பத்து இலட்சத்துக்குச் சற்றே குறைந்த பொம்மைகளை ஒரே தடவையில் திரும்பப் பெற நேர்ந்தது. ஈயமோ குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகவே பெற்றோரின் அச்சம் முற்றிலும் நியாயமானது. அந்த அச்சத்தைக் காசாக்கி அதற்கு அறமெனப் பெயர் சூட்டும் வாணிபத்தையும், நல்ல பொருளைத் தேடி வாங்கியதோடு சமூகக் கடமை நிறைவேறிற்று என நம்பும் மத்தியதர வர்க்க மனநிறைவையுமே நாம் எதிர்க்கிறோம்.

சூத்திரகரின் மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியற் சிறுதேர்' எனத் தமிழில் தந்தார். அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டுவிட்ட சாருதத்தனின் மகன், தனக்குக் கிடைத்த மண்தேர் வேண்டாமென்று அழுகிறான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அத்தேரை நிரப்புகிறாள். இன்று அந்நாடகம் தலைகீழாக நடைபெறுகிறது. மண்ணும் மரமும் ஓலையும் வசதி படைத்தோரின் பிள்ளைக்குரியனவாயின. நடைபாதையில் விற்கும் பளபளப்பான மலிவுப் பிளாஸ்டிக் தேர் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு எஞ்சியது. தூய்மை விலைப்பொருளாகும்போது நஞ்சு வறியவனின் பங்காகிறது. இதனை அறம் என்பது எவ்வாறு பொருந்தும்?

வாங்குவோரின் பிள்ளையைப் பற்றி இத்துணை பேசும் விலைச்சீட்டு, செய்தவரின் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லேனும் பேசுகிறதா? நம் கேள்வி இதுவே.

'சான்றிதழ் இருக்கிறதே' என்பர் சிலர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி கராச்சியில் அலி என்ரர்பிறைசஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. 250க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அத்தொழிற்சாலை, தொழிலாளர் நலனுக்குச் சான்று கூறும் 'எஸ்.ஏ. 8000' என்னும் சர்வதேசச் சான்றிதழைப் பெற்றுச் சில வாரங்களே கழிந்திருந்தன. சான்றிதழ் சுவரில் தொங்கியது. வெளியேறும் வழிகளோ அடைபட்டிருந்தன. தணிக்கையாளர் எழுதியதை வாங்குவோர் நம்பினர். தொழிலாளர் அறிந்திருந்ததைக் கேட்பாரில்லை.

நம் நாட்டு அனுபவமும் இதற்கு வேறானதன்று. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் நிறுவப்பட்டது. 2006இல் நம் ஆடைத் தொழிலதிபர்கள் 'குற்றவுணர்வற்ற ஆடைகள்' என்னும் பிரசாரத்தைத் தொடங்கி, மேற்குலகச் சந்தைக்கு அறத்தின் முத்திரையுடன் சென்றனர். இத்தொடரை ஊன்றி நோக்குக. குற்றவுணர்வு யாருடையது? உடுப்பவருடையது. அவருடைய மனச்சாட்சியை ஆற்றுவதற்காகவே அச்சொல் ஆக்கப்பட்டது. தைப்பவளுடைய ஊதியம் அதிற் பேசப்படவில்லை. 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து அதே கட்டுநாயக்கவில் தொழிலாளர் திரண்டபோது பொலிசார் சுட்டனர். இளந்தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். சட்டமூலம் திரும்பப் பெறப்பட்டது. அதனைத் திரும்பப் பெறச் செய்தது ஆடையிற் தைத்த முத்திரையா, தெருவில் இறங்கிய தொழிலாளரின் ஒற்றுமையா? விடை வெளிப்படை.

'தொழிற்சாலைப் பண்டம் அப்படித்தான். கைவினைப் பொருள் தூயதன்றோ?' என்பது அடுத்த வாதம். இங்கேதான் பழைமை மீதுள்ள மயக்கம் புகுந்துகொள்கிறது. பாயும் பெட்டியும் கடகமும் சுளகும் நிறைந்த பழைய வாழ்வு இயற்கையோடு இயைந்தது எனப் பெருமை பேசுவோர், அவற்றை முடைந்த கைகள் யாருடையவை என்பதைக் கூறுவதில்லை. நம் கிராமங்களில் கைவினை பெரிதும் சாதியால் வகுக்கப்பட்டது. உழைத்தவனுக்கு விலை பேசும் உரிமை இருக்கவில்லை. நல்லநாள் பெருநாளில் அளந்து கொடுத்ததைப் பெற்றுக்கொள்வதே முறையாயிருந்தது. அவன் செய்த பொருள் வீட்டினுள்ளே சென்றது. அவன் படலைக்கு வெளியே நின்றான். சிரட்டையில் தண்ணீர் வார்த்துக் கொடுத்த சமூகம், அதே சிரட்டையை மெருகேற்றிச் 'சுற்றாடல் நேயமிக்க குவளை' எனக் காட்சிக்கு வைக்கிறது! 1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் 1966 ஒக்ரோபர் 21 எழுச்சியும் எதற்காகத் தேவைப்பட்டன என்பதை மறந்தவர்களே அந்தப் பழைமையைப் பொற்காலம் என்பர்.

இன்று அக்கைகள் பெரிதும் பெண்களின் கைகள். போர் 2009இல் முடிந்தபின் குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் வடகிழக்குப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே தைக்கவும் முடையவும் செய்கின்றனர். எண்ணிக்கைக்கு இவ்வளவு எனக் கூலி. ஓலைக்கும் நூலுக்கும் செலவு அவர்களுடையது. பொருள் விலைபோகாவிடின் நட்டமும் அவர்களுடையதே. இலங்கையில் 2016இல் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. ஆனால் இவள் 'சுயதொழில் முயற்சியாளர்' எனப் பெயர் பெற்றவள். ஆதலால் அச்சட்டத்தின் நிழல் இவள் முற்றத்தில் விழுவதில்லை. வீட்டிலிருந்து பிறருக்காக உழைப்போரையும் தொழிலாளராக மதிக்க வேண்டுமெனக் கூறும் சர்வதேசத் தொழில் தாபனத்தின் 177ஆம் சமவாயம் 1996இல் நிறைவேறியது. அதனை ஏற்றுறுதி செய்த மிகச் சில நாடுகளுள் இலங்கை இல்லை. சுயதொழிலின் பெயரால் வந்தது நுண்கடன். அதன் வட்டிச்சுமை எத்துணைக் கொடியதெனின், 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதற்கு அரசே முன்வர நேர்ந்தது. 'பெண்களை வலுவூட்டும் கைவினை' எனப் பொம்மையிற் கட்டிய சீட்டு இவற்றுள் எதனைச் சொல்கிறது?

இயற்கை இறப்பரையும் எடுத்துக்கொள்வோம். பால்சூப்பிக்கு வேண்டிய இறப்பர்ப் பால் விடியற்காலையில் வெட்டப்படுகிறது. பால்வெட்டச் செல்லும் தோட்டத்துத் தாய் தன் கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுச் செல்கிறாள். அவள் சேர்த்த பால் தூரத்துக் குழந்தையின் வாய்க்கு நஞ்சற்ற சூப்பியாகிறது. அவளுடைய குழந்தைக்கு அந்தப் பிள்ளைமடுவத்தில் என்ன கிடைக்கிறது என்பதை எந்தச் சூப்பியின் பெட்டியும் கூறுவதில்லை.

நம் அணியிலேயே சிலர், 'கைவினை என்பது நிலவுடைமையின் எச்சம். இயந்திரம் வளரட்டும், இப்பேச்சு எதற்கு?' எனக் கேட்கலாம். இதுவும் தவறே. 1977இல் திறந்த பொருளாதாரம் இறக்குமதித் துணிக்குக் கதவைத் திறந்தபோது, மருதமுனை போன்ற நெசவூர்களின் தறிகள் பல ஓய்ந்தன. அத்தறிகளை ஓயச் செய்தது ஓர் அரசியல் முடிவு. இயந்திரமா கையா என்பதை விட, கருவியும் சந்தையும் விலையும் யார் பிடியில் என்பதே முதன்மையான வினா. அன்று நெசவாளர் கைவிடப்பட்டபோது வாளாவிருந்த வர்க்கமே இன்று கைத்தறியின் அழகை வியந்து நிற்கிறது.

அங்ஙனமாயின் நல்ல பொருளை வாங்கவே கூடாதா? வாங்குக. பனையோலைக் கிலுகிலுப்பை குழந்தைக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. ஆனால் வாங்குவதை வாங்குவதென்றே அழையுங்கள். அதற்கு நீதியென்னும் பெயரைக் கொடுக்காதீர்கள். நீதிக்கு வேறு வழிகள் உள.

முதலாவது, எல்லாக் குழந்தைகளுக்குமான சட்டம். வர்ணப்பூச்சில் ஈயத்துக்கு எல்லை வகுத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் வர்த்தமானி அறிவித்தல் வெளியிட்டது. 2013 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாறான சட்டத்துக்கு ஏழையின் பிள்ளை, செல்வரின் பிள்ளை என்னும் பேதம் கிடையாது. நடைபாதைப் பொம்மையும் பரிசோதிக்கப்படவேண்டும் எனக் கேட்பதே பெற்றோரின் உண்மையான அறக்கோரிக்கையாகும். ஆயின் பரிசோதனைச் செலவு சிறு கைவினைஞரை நசுக்கக்கூடாது. மற்றெலின் தவற்றுக்குப் பின் அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம், பெருங் கம்பனியையும் தனியொரு தச்சரையும் ஒரே பரிசோதனைச் செலவுக்கு உள்ளாக்கியது; சிறு உற்பத்தியாளருக்குச் சலுகை வழங்க 2011இல் அதனைத் திருத்த வேண்டியதாயிற்று. அப்பரிசோதனையை நம் அரசு பொதுச் செலவில் நடத்த வேண்டும்.

இரண்டாவது, கூட்டுறவு. வடபகுதியிற் கள்ளுத் தவறணைக் குத்தகைக்காரரின் பிடியில் இருந்த சீவற்றொழிலாளர், 1970களின் தொடக்கத்திற் கூட்டுறவுச் சங்கங்களாக அமைந்தனர். அச்சங்கங்களின் குறைகளை நாம் அறியாதவரல்லர். எனினும் விலை பேசும் உரிமை தனியொருவனிடமிருந்து சங்கத்துக்கு மாறியது பெரும் மாற்றமாகும். ஓலை முடைவோரும் பொம்மை தைப்போரும் அவ்வாறே ஒன்றுசேர வேண்டும். 177ஆம் சமவாயத்தை அரசு ஏற்க வேண்டுமென்னும் கோரிக்கை அவர்களுடைய சங்கத்திலிருந்தும் நம் ஆசிரியர் சங்கங்களிலிருந்தும் ஒருசேர எழ வேண்டும்.

மூன்றாவது, நம்மால் இன்றே செய்யக்கூடியது. ஒவ்வொரு முன்பள்ளியும் ஒவ்வொரு பெற்றோர் சங்கமும் விளையாட்டுப் பொருள் வாங்கத்தான் செய்கின்றன. தனித்தனியே வாங்காமல் கூட்டாக, உற்பத்தியாளர் சங்கங்களிடமிருந்து நேரடியாக வாங்குவோம். வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புவோம்: இதைச் செய்ய எத்தனை மணிநேரம் சென்றது? அந்நேரத்துக்குச் செய்தவரின் கையில் எவ்வளவு சேர்ந்தது? அவ்வூதியத்தில் அவர் தம் பிள்ளைக்கு இப்பொருளை வாங்க இயலுமா?

மூன்றாவது வினாவுக்கு 'ஆம்' என விடை வரும் நாளில் விலைச்சீட்டில் அறம் என எழுத வேண்டிய தேவை இராது. அந்நாள் வரும்வரை, செய்தவரின் பிள்ளைக்கு எட்டாத பொம்மை எத்துணை அழகிய மரத்தாற் செய்யப்பட்டதாயினும் சுரண்டலின் பண்டமே.