பெகோனியாவுக்கு எக்ஸ்பயரி டேட் ஒட்டினது யாரு?

எடுத்த எடுப்பிலேயே சொல்லிடறேன். அக்டோபர் மாசம் ஆனா பெகோனியாவைத் தொட்டியோட தூக்கிக் குப்பையில வீசறவங்க மேல எனக்குக் கோபம் உண்டு. அவங்களை விட, அப்படி வீசச் சொல்லிக் கொடுத்த அந்த பிளாஸ்டிக் சீட்டு மேல இன்னும் ஜாஸ்தி கோபம். செடி வாங்கும்போது மண்ணுல சொருகி இருக்குமே, அதேதான். முன்பக்கம் பளபளன்னு பூ படம். பின்பக்கம் பொடி எழுத்துல 'ஆனுவல்'னு ஒரு வார்த்தை. அதாவது ஒரு வருஷச் செடி, கோடை முடிஞ்சா இதோட ஜோலி முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

முடியலைங்க! அதைத்தான் இந்தப் பதிவு முழுக்கக் கத்தப் போறேன்.

நான் பொட்டி தட்டறது நியூஜெர்சியில. இங்க மே ரெண்டாவது ஞாயிறு அன்னையர் தினம். அதுக்குள்ள கடைசி உறைபனி அநேகமா முடிஞ்சிருக்கும்கிறதால ஊரே செடி வாங்கக் கிளம்பிடும். கடை வாசல்ல தட்டு தட்டா பெகோனியா அடுக்கி வச்சிருப்பாங்க. நியாயமா சொன்னா தங்கமான செடி. மே கடைசியில நட்டா அக்டோபர்ல பனி கொட்டற வரைக்கும் நிக்காம பூக்கும். வாடின பூவைக் கிள்ளக்கூட வேண்டாம், அதுவே உதிர்த்துக்கும். பாதி நாள் நிழல் விழற பால்கனியிலயும் பூக்கும். 2011, 2012 வாக்கில அடிச்சாம்பல் நோய் வந்து இங்க இம்பேஷன்ஸ் செடிகளை வாரிக்கிட்டுப் போனப்ப, நிழலுக்குக் கலர் தேடினவங்க பல பேர் பெகோனியா பக்கம் வந்தது சும்மா இல்லை. அந்த நோய் இதைத் தொடாது.

ஆக, செடி மேல புகார் இல்லை. புகார் எல்லாம் அந்த ஒரு வார்த்தை மேலதான்.

உண்மையான ஒரு வருஷச் செடின்னா சூரியகாந்தி. முளைக்கும், பூக்கும், விதை வைக்கும், தானா காய்ஞ்சு போயிடும். அதோட ஆயுசே அவ்வளவுதான். பெகோனியா அப்படி இல்லை. மெழுகு பூசின மாதிரி இலையோட, குட்டிக் குட்டிப் பூவா கடையில நிக்கிற வகையோட முன்னோர்கள் பிரேசில் பக்கம். அங்க அது வருஷக்கணக்கா வாழற செடி. இங்க சாகறது குளிர் தாங்காம. குளிர்ல சாகறது வேற, ஆயுசு முடிஞ்சு சாகறது வேற. ஜனவரியில என்னை வெறும் சட்டையோட பால்கனியில நிறுத்தி வச்சா நானும் ஆனுவல்தான் சாமி!

இதுல பெரிய காமெடி என்னன்னா, அந்த வகைக்குத் தாவரவியல்ல வச்ச பேரு 'செம்பர்ஃப்ளோரன்ஸ்'. லத்தீன்ல 'எப்பவும் பூக்கிறது'ன்னு அர்த்தம். சிரஞ்சீவின்னு பேரு வச்சுட்டு, தொட்டில்லயே மரணச் சான்றிதழை மாட்டி விட்ட கதை. எங்களை மாதிரி எச்1பி ஆளுங்களுக்கும் காலாவதி தேதி இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது காகிதத்துல இருக்கிற தேதி, உடம்புல இருக்கிறது இல்லை.

கிழங்கு பெகோனியா கதை இன்னும் மோசம். தொங்குற கூடையில ரோஜா சைஸுக்குப் பூக்குமே, அந்த வகை. அதோட முன்னோர்கள் பொலிவியா, பெரு பக்கத்து ஆண்டீஸ் மலைச் செடிகள். 1860கள்ல ரிச்சர்ட் பியர்ஸ்னு ஒருத்தர், வீச் நர்சரிக்காக அதையெல்லாம் தேடிப் பிடிச்சு இங்கிலாந்துக்கு அனுப்பி வச்சார். அந்தச் செடி வருஷா வருஷம் மேல காய்ஞ்சு, மண்ணுக்குள்ள கிழங்கா தூங்கி, திரும்ப எழுந்துக்கும். மஞ்சளும் சேனையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாராவது சொல்லித் தரணுமா? தண்டு காய்ஞ்சா செடி செத்துப் போச்சுன்னு நம்மூர்ல எந்த விவசாயியாவது சொல்லுவாரா? ஆனா இங்க வந்ததும் கிழங்கோட சேர்த்து வீசறோம். கேட்டா, "சீட்டுல அப்படித்தான் போட்டிருக்கு"ன்னு பதில் வரும்.

இப்ப நம்மாளுங்ககிட்ட ஒரு கேள்வி. உங்க வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டி குளிர்காலத்துல எங்க இருக்கு?

ஆங்... அதேதான். நியூஜெர்சியில எனக்குத் தெரிஞ்ச தமிழ் வீடு ஒண்ணு பாக்கி இல்லாம, செப்டம்பர் கடைசியில கறிவேப்பிலையைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி உள்ள வச்சுடறாங்க. தெற்குப் பக்க ஜன்னலை அதுக்குத்தான் பட்டா போட்டுக் கொடுத்திருக்காங்க. இலை கொட்டினா வீடே துக்கம் அனுசரிக்குது. குளிர் தாங்காத செடியைக் காப்பாத்தற வித்தை நமக்குத் தெரியாம இல்லை. கறிவேப்பிலை ரசத்துல விழுது, பெகோனியா விழறது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்!

உடனே ரெண்டு வாதம் வரும். ரெண்டுக்கும் பதில் சொல்லிடறேன்.

ஒண்ணு, "நாலு டாலர் செடிப்பா, அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்." அந்த நாலு டாலர்ல என்னென்ன அடங்கியிருக்குன்னு பாருங்க. பெகோனியா விதை தூசி மாதிரி, ஒரு கிராம்ல பல்லாயிரம் இருக்கும். அதை நடுக் குளிர்காலத்துல, சூடாக்கின கண்ணாடிக்கூடத்துல விதைச்சு, விளக்கு போட்டு, மாசக்கணக்கா வளர்த்தாத்தான் மே மாசம் கடைக்கு வரும். தொட்டி மண்ணுல பெரும்பங்கு பீட். வருஷத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் சேர்ற சதுப்பு நிலப் பொருள். அதை வெட்டி எடுத்து, அஞ்சு மாசம் அழகு பார்த்துட்டு, பிளாஸ்டிக்கோட சேர்த்துக் குப்பைக்கு அனுப்பறோம். விலை கம்மின்னா செலவும் கம்மின்னு அர்த்தம் இல்லை.

ரெண்டாவது, "பழைய செடி நெடுநெடுன்னு வளர்ந்து அசிங்கமா ஆயிடும்." உண்மைதான். அதுக்குத்தான் கத்தரிக்கோல் இருக்கு.

வேலை எவ்வளவுன்னு கேட்டா, வீக்கெண்ட்ல ஒரு மணி நேர ஆணி. ராத்திரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ இறங்கறதுக்கு முன்னாடி செடியை உள்ள எடுங்க. இலைக்கு அடியில வெள்ளை ஈ, மாவுப்பூச்சி இருக்கான்னு பாருங்க. பாதி உயரத்துக்கு வெட்டுங்க. ஜன்னல் வெளிச்சத்துல வச்சு, மேல்மண் காய்ஞ்ச பிறகு மட்டும் தண்ணி. ஊத்து ஊத்துன்னு ஊத்தினா அழுகிடும், இந்தச் செடிக்குத் தாகத்தை விட வெள்ளம்தான் எமன். இடமே இல்லைன்னா, கணு இருக்கிற தண்டா நாலு ஒடிச்சு டம்ளர் தண்ணியில போடுங்க. சில வாரத்துல வேர் விடும். கிழங்கு வகைன்னா முதல் பனியில இலை கருகினதும் தோண்டி எடுத்து, சில நாள் உலர்த்தி, காய்ஞ்ச வெர்மிகுலைட்டுல புதைச்சு 5-லேர்ந்து 10 டிகிரி குளிர்ச்சியில வைங்க. மார்ச்ல குழிஞ்ச பக்கம் மேல பார்த்த மாதிரி நட்டா முளை எட்டிப் பார்க்கும்.

இதுக்கும் சோம்பேறித்தனமா? 'பெகோனியா கிராண்டிஸ்'னு சீனா பக்கத்து வகை ஒண்ணு இருக்கு. தோட்டத்துல நட்டு, குளிர்காலத்துக்குச் சருகு மூடி விட்டா, நியூஜெர்சியோட பெரும்பாலான இடத்துல பனியையும் தாண்டித் திரும்ப முளைச்சு வரும். ஆகஸ்ட் வாக்கில பூக்கும். இலைக் கக்கத்துல குட்டிக் குமிழ் விட்டு அதுவே பரவிக்கும்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்லை. சீட்டுல 'ஆனுவல்'ங்கிற இடத்துல "10 டிகிரிக்குக் கீழ போனா உள்ளே வைக்கவும்"னு ஒரே ஒரு வரி. நம்ம பாஷையில சொன்னா புரோகிராம்ல பக் இல்லை, டாக்குமென்டேஷன் தப்பு. அந்தத் தப்பைத் திருத்தறதுல விக்கிறவங்களுக்கு அவசரம் இருக்காது, அடுத்த மே மாசமும் நாம போய் நிக்கணுமே! திருத்த வேண்டியது வாங்கற நாமதான். அவங்க எழுதற வரைக்கும் நீங்களே ஒரு மார்க்கரை எடுத்து சீட்டுல எழுதிடுங்க. அக்டோபர்ல யார் கண்ணுலயாவது படும்.

டிஸ்கி: வீட்ல பூனை, நாய் வளர்க்கறவங்க செடியை எட்டாத இடத்துல வைங்க, பெகோனியா அதுங்களுக்கு ஆகாது. முக்கியமா கிழங்கு. மத்தபடி சண்டை போடணும்னா பின்னூட்டத்துக்கு வாங்க, நான் அங்கதான் இருப்பேன்.